பிரம்பைப் பார்த்த நாய்

தெருவில் நாய் எதிரே வந்தால் அப்பா குடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறார் என்று நீங்கள் இருவரும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. காரணத்தையும் எழுதி வைக்கிறேன். எனக்குக் கோவையாக எழுத வராது. நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

யுத்த காலத்தில் நான் மயிலாப்பூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். கேஸ் கட்டுகளைச் சுமப்பதோடு அவர் வீட்டுக் கறுப்பு நாயை நடத்திக்கொண்டு போவதும் என் வேலையாகிவிட்டது. சாயங்காலம் சாந்தோம் கடற்கரை வரை ஐயா முன்னே நடப்பார். ஒரு கையில் சங்கிலி, மறுகையில் பிரம்போடு நான் பின்னே போவேன். பிரம்பு எங்கள் நாய்க்கு அல்ல, எதிரே வரும் நாய்களுக்கு.

அதே நேரத்துக்கு அடுத்த தெரு டாக்டரும் தம் செவலை நாயோடு வருவார். ஒன்றை ஒன்று கண்டதும் இரண்டு நாய்களும் வாலை ஆட்டிக்கொண்டு இழுக்கும். அது கடிக்கிற இழுப்பு இல்லை என்று எனக்கே தெரிந்தது. "நம்மாத்து நாய் ஒண்ணும் பண்ணாது, அதைத்தான் நம்ப முடியாது" என்பார் ஐயா. டாக்டரும் அந்தப் பக்கம் அதையேதான் சொல்லியிருப்பார். கோயிலில் கண்டால் அரைமணி நேரம் நின்று பேசுகிறவர்கள், கூட நாய் வந்தால் ஆளுக்கொரு ஓரமாக ஒதுங்குவார்கள். "குச்சியைக் காட்டு" என்பார் ஐயா. நான் பிரம்பை ஓங்குவேன். செவலை பின்வாங்கும். இரண்டு வருஷம் இப்படித்தான். ஒருநாளும் அடித்ததில்லை, ஓங்கியதோடு சரி.

பிறகு ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊர் காலியானது. ஐயா குடும்பத்தோடு கும்பகோணம் பக்கம் போனார். வீட்டையும் நாயையும் என்னிடம் விட்டார். டாக்டர் செவலையைக் காவல்காரனிடம் விட்டுப் போனார். நாலாம் நாள் அந்தக் காவல்காரனும் போய்விட்டான்.

அன்றிலிருந்து நாங்கள் கடற்கரைக்குப் போகும்போது செவலை பின்னாலேயே வரும். கழுத்தில் பட்டை இருந்தது. ஆனால் பத்தடி தள்ளித்தான் வரும். நான் நின்றால் அதுவும் நிற்கும். எங்கள் நாய் திரும்பித் திரும்பிப் பார்த்து முனகும். சோற்றை மதில் ஓரம் வைத்துவிட்டு நான் நகர்ந்த பிறகுதான் வந்து தின்னும். போகப் போகத் தானாகக் கிட்டே வரும் என்று இருந்தேன். பிரம்பை வீட்டில் விட்டு வர மட்டும் எனக்குத் தோன்றவில்லை. பட்டினி நாய்கள் திரிந்த காலம். எனக்குப் பயம்.

ஒருநாள் சாந்தோம் மூலையில் நாய் பிடிக்கும் வண்டி நின்றது. சுருக்குக் கம்பியோடு ஒருவன் செவலையை நோக்கிப் போனான். என்னைவிட வயதில் பெரியவன். நான் ஓடிப்போய், அது வீட்டு நாய், பட்டையைப் பார் என்றேன்.

"பட்டை இருந்தா ஆச்சா சாமி? பில்லை எங்க?"

லைசென்சு பில்லை எங்கள் நாயின் கழுத்தில் இருந்தது. செவலைக்கு இல்லை. எங்கே விழுந்ததோ. ஆனாலும் அது என்னோடு வருகிற நாய்தான் என்று சொன்னேன்.

அவன் செவலையையும் என்னையும் பார்த்தான். கெட்டவன் இல்லை. "உன்னுதுன்னா கூப்டு. கிட்ட வந்துச்சுன்னா வுட்டுடறேன்" என்றான்.

அதன் பேர் எனக்குத் தெரியாது. டாக்டர் ஏதோ இங்கிலீஷ் பேர் சொல்லிக் கூப்பிடுவார். நான் காதில் வாங்கியதே இல்லை. இரண்டு வருஷமாக அதனிடம் நான் சொன்ன ஒரே வார்த்தை 'போ'. "வா, வா" என்று கையை உயர்த்தி அழைத்தேன். பிரம்பு இருந்த கை.

செவலை அதைப் பார்த்தது. வாலைத் தாழ்த்திக்கொண்டு, வழக்கம்போல, ஓரடி பின்வாங்கியது. பிரம்பைக் கீழே போட்டேன். அதற்குள் இன்னும் இரண்டடி போய்விட்டது. சுருக்கு விழுந்தது. எங்கள் நாய் சங்கிலியோடு என்னைத் தெருவில் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போயிற்று.

"நான் இன்னா பண்றது சாமி, அது உன்னாண்ட வர்லியே" என்றான் அவன்.

மறுநாள் நாய்களை அடைத்து வைக்கும் இடத்துக்குப் போனேன். உடையவர் வந்தால்தான் விடுவோம் என்றார்கள். உடையவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டர் வீட்டில் மாட்டியிருந்த பூட்டிடம் கேட்கவா முடியும்? கம்பிக்கு அந்தப் பக்கம் செவலையைப் பார்த்தேன். வெறுங்கையோடுதான் போயிருந்தேன். அப்போதும் அது கிட்டே வரவில்லை. மூன்றாம் நாள் போனபோது அது இல்லை.

சில மாதம் கழித்து ஊர் திரும்பியது. ஐயாவோடு கடற்கரைக்குப் போகும்போது டாக்டர் தனியாக எதிரே வந்தார். முதல் தடவையாக ஓரம் ஒதுங்காமல் நேரே வந்து எங்கள் நாயின் தலையைத் தடவினார். அது அவர் கையை முகர்ந்து முகர்ந்து பார்த்தது. செவலையைக் கேட்டார். பிடித்துப் போனதைச் சொன்னேன்.

"நீங்க கூப்பிட்டுப் பார்க்கலையா?"

"கூப்பிட்டேன் சார். வரலை."

அப்போது வேறொரு நாய் எதிரே வந்தது. ஐயா பழக்கத்தில் "குச்சி" என்றார். என் கை தானாக உயர்ந்துவிட்டது. டாக்டர் பிரம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.