படத்தில் இல்லாத மனோகரி

துசாந்தினியை அவள் இஞ்சை நோர்வேயிலை, ஃபுருசெத்திலை பள்ளிக்கூடம் போன காலத்திலையிருந்து எனக்குத் தெரியும். தகப்பன் பஸ் ஓடினவர். கட்டடக்கலை படிக்கப்போறன் எண்டு அவள் சொல்ல, "டொக்டருக்குப் படிக்காமல் இதென்ன கல்லுமண் வேலை" எண்டு சனம் முகத்தைச் சுழிச்சுது. நான் அப்பவே சொன்னனான், எங்கட கடையை நீதான் பிள்ளை கட்டித்தரோணும் எண்டு.

எங்கட பலசரக்குக் கடை வோலெரெங்காவிலை, பழைய மரவீட்டுத் தெரு முடியிற இடத்திலை. ஒழுகிற அந்தக் கட்டடத்தை இடிச்சுப்போட்டு ரெண்டு தட்டிலை கட்டுவம் எண்டு என்ரை மனிசன் குணசிங்கம் முடிவெடுத்தவுடனை அவளிட்டைத்தான் போனம். சும்மா சொல்லக்கூடாது, பாடுபட்டவள். அந்த வீடுகளின்ரை கூரைச் சரிவு, பலகை நிறம் எல்லாம் பார்த்துப் பார்த்துக் கீறினாள். பக்கத்து வீட்டை மறைக்கக்கூடாது எண்டு மனிசனோடை மல்லுக்கட்டி மேல்தட்டைத் தாழ்த்தினாள். அயலாக்கள் எதிர்த்தால் கொமூனவிலை, அதுதான் நகரசபையிலை, அனுமதி எடுக்கிறது பெரும்பாடு எண்டு அவளுக்குப் பயம்.

கடையை ஃபோட்டோ எடுக்க வரேக்கை, "வாசலிலை நில்லுங்கோ அன்ரி, புது வாசலும் அதிலைதான் வரும். இந்த ஃபோட்டோவுக்கு மேலைதான் கட்டடத்தைக் கீறுவன்" எண்டாள். எனக்கெண்டால் ஒரே புழுகம்! சிவப்புக் காஞ்சிபுரம் உடுத்து, ஜக்கெற்றும் போடாமல் குளிருக்கை நடுங்கிக்கொண்டு நிண்டனான். அம்மருட்டிலை இருக்கிற தங்கச்சிக்கும் சொல்லி, அயலாக்களுக்குப் படம் காட்டுற கூட்டத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனன்.

கூட்டத்திலை படத்தைத் திரையிலை போட்டாள். கட்டடம் வடிவெண்டால் அப்பிடி ஒரு வடிவு. நான் வாசலைத் தேடினன். நான் இல்லை. நான் நிண்ட இடத்திலை ஒரு வெள்ளைக்காரப் பெட்டை கோப்பியோடை நிக்கிறாள். அங்காலை சைக்கிளோடை ஒருத்தன், பிள்ளை வண்டிலோடை ஒருத்தி. எல்லாம் இவள் கொம்பியூட்டரிலை எடுத்து ஒட்டின ஆக்கள். ஒரு கறுத்தத் தலை இல்லை. தமிழ்ப் பெயர்ப்பலகை இல்லை, மரக்கறிப் பெட்டியள் இல்லை. ஒரு நாய்க்குக்கூட இடமிருந்தது! தங்கச்சி என்ரை முகத்தைப் பார்த்தாள். எனக்கு எங்கையாவது போய் ஒளிக்கலாம் போலை இருந்தது.

பின்னுக்கிருந்த ஒருத்தன், "இன்னொரு கோப்பிக்கடையோ? இரவிரவாய்ச் சத்தம். எங்களுக்கு வேண்டாம்" எண்டான். மற்றவையும் தலையாட்டிச்சினம். எங்களிட்டைக் கிழமை தவறாமல் மைசூர்ப்பருப்பு வாங்கிற இங்கெர் எழும்பினா.

"மனோகரி எங்கை? கடையை வித்துப்போட்டினமோ?"

துசாந்தினி திரையைத் திரும்பிப் பார்த்தாள். காது வரைக்கும் சிவந்திட்டுது. எனக்குப் பத்திக்கொண்டும் வந்தது, பாவமாயும் இருந்தது. அதுக்காக எங்கட பிள்ளையைப் பிறத்தியாருக்கு முன்னாலை விட்டுக்குடுக்கிறதே? எழும்பினன்.

"கடை எங்கடதான். என்னை எடுத்துவிடச் சொல்லி நான்தான் சொன்னனான். அண்டைக்கு நான் வடிவாய் இல்லை" எண்டன், எனக்குத் தெரிஞ்ச நோர்ஸ்க் பாசையிலை.

எல்லாரும் சிரிச்சினம். அதுக்குப் பிறகு ஒருத்தரும் எதிர்க்கேல்லை.

வெளியிலை வந்து துசாந்தினி என்ரை கையைப் பிடிச்சாள். "சீலையையும் பெயர்ப்பலகையையும் கண்டால் மறுத்துப்போடுவினம் எண்டு நினைச்சிட்டன் அன்ரி. நீங்கள் ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"பின்னை என்ன சொல்ல? எங்கட பெட்டைக்கு எங்களைக் காட்ட வெட்கம் எண்டோ?"

தெருவெண்டும் பாராமல் அழுதாள். தேற்றவேணும் எண்டுதான் நினைச்சன், ஆனால் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு நடந்திட்டன்.

அடுத்த கிழமை திரும்பவும் கமராவோடை வந்தாள். நான் கடைக்குப் போடுற பழைய சுவெற்றரோடை போய் வாசலிலை நிண்டன்.

"அந்தச் சிவப்புச் சீலை, அன்ரி?"

"கழுவக் குடுத்திட்டன்" எண்டன்.

சீலை அலுமாரிக்கைதான் கிடந்தது. அதைத் தொடவே எனக்கு வெட்கமாய் இருந்தது.