களையெடுத்த குவாரிக்காடு

தாவரவியல் முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை செடி எண்ணுவது. தொண்ணூறுகளின் தொடக்கம். திருப்பூரில் அண்ணன் பனியன் கம்பெனி வைத்திருந்தார். செக்கிங் டேபிளில் வந்து உட்கார் என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்க, கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த சாரோடு நான் காங்கேயத்துக்குத் தெற்கே போகும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன்.

அங்கே ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி இருந்தது. கல் தீர்ந்ததும், குத்தகைக்கு எடுத்திருந்த கம்பெனி குழியை மூடி, மேலே மண் பரப்பி, கொழுக்கட்டைப் புல் விதைத்து, கம்பி வேலி போட்டுப் பூட்டி, ஒரு வாச்மேனையும் வைத்துவிட்டது. செடிகொடி திரும்பிவிட்டது என்று சார் எழுதிக் கொடுத்தால் சாவி நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர் கைக்குப் போகும். அதுவரை மாடு உள்ளே போகக் கூடாது.

காட்டுக்காரர் ஒரு அம்மா. ஒற்றை ஆளாகப் பண்ணையம் பார்ப்பவர். இரண்டு காங்கேயம் பசுக்கள், ஒரு கிடாரி. அந்த வருடம் ஒரே ஒரு மழைதான் பெய்திருந்தது. சோளத்தட்டுப் போர் முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டது. மாசிக்குள் சாவி வராவிட்டால் மாடுகளைச் சந்தைக்கு ஓட்ட வேண்டியதுதான் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

"மாடும் இருக்குது, காடும் இருக்குது. நடுவால பூட்டுத்தானுங்க இருக்குது."

கார்த்திகையில் சும்மா பார்த்துவரப் போனபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. விதைத்த புல்லுக்கு நடுவே யாரும் விதைக்காத கொழிஞ்சி, தும்பை, குப்பைமேனி, நெருஞ்சி, ஆவாரங்கன்றுகள். காற்றும் எறும்பும் கொண்டுவந்தவை. ஓடி ஓடிப் பார்த்துப் பெயர் சொன்னேன். சார் சிரித்தார். விதைத்தது கணக்கில் வராது, தானாக வந்ததுதான் கணக்கு, அதை எண்ணத் தையில் வருவோம் என்றார். அந்த அம்மா தூரத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். தையில் வருகிறோம் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

தையில் போனோம். அண்ணன் கம்பெனியில் மிஞ்சிய கோன் நூலும் நான்கு குச்சிகளும் என் பையில் இருந்தன. முதுகுக்குப் பின்னால் ஒரு கல்லை எறிய வேண்டும். அது விழுந்த இடத்தில் குச்சி நட்டு, நூல் கட்டி, அந்தச் சதுரத்துக்குள் வேர் பிடித்து நிற்பதை மட்டும் எண்ண வேண்டும்.

அந்த அம்மா வேலி ஓரமாக வந்து நின்றார். "இத்தன படிச்சுப்போட்டு பில்லு எண்ணவா வந்த கண்ணு? எங்க மாடு எண்ணாமயே தின்னுபோடும்."

நான் சிரித்துக்கொண்டே கல்லை எறிந்தேன். சதுரத்துக்குள் புல். விதைத்த புல் மட்டும். அடுத்த சதுரத்திலும் அதுவே. இடையில் மண் பெருக்கிய வாசல் போல இருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக, மாட்டுக்கு நிழலாகும் வெள்வேலாங்கன்றுகளை மட்டும் யாரோ விட்டுவைத்திருந்தார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். அந்த அம்மா சந்தோஷமாக நின்றார்.

"சாரு வர்றாங்கன்னு வாச்மேன்கிட்டச் சொல்லித் தொறந்து, ஆளு உட்டு நேத்துக் களையெடுத்துப்போட்டனுங்க. காடு குப்பையாக் கெடந்தா வாரவங்க என்ன நெனப்பாங்க?"

பிடுங்கியதெல்லாம் வேலிக்கு வெளியே குவிந்து கிடந்தது. பசு ஒன்று அதைக் கிளறித் தின்றுகொண்டிருந்தது. குவியலை எண்ணலாமா என்று சாரிடம் கேட்டேன். வேரோடு நிற்பதுதான் கணக்கு என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மாலைவரை கல்லை எறிந்தோம், நூலைக் கட்டினோம், அவிழ்த்தோம். எனக்கு எதுவும் தோன்றவில்லை. வெயில் அடித்தது, அவ்வளவுதான்.

இன்னும் ஒரு வருடம் ஆகும் என்று சார் அவரிடம் சொன்னார். ஏன் என்றும் விளக்கினார். அந்த அம்மா வாதாடவில்லை. "களைதான் கணக்குங்களா?" என்று ஒருமுறை கேட்டார். பிறகு எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தோம். உப்புப் போட்டிருந்தாரா என்று நினைவில்லை.

பங்குனியில் மாடுகள் சந்தைக்குப் போய்விட்டன என்று வாச்மேன் சொல்லி அறிந்தோம். கிடாரியும் சேர்ந்துதான்.

மறு தையில் கல் விழுந்த இடமெல்லாம் கொழிஞ்சி. நெருஞ்சி செருப்பைத் துளைத்தது. எண்ணி முடிக்கவே இரண்டு நாள் ஆனது. சார் எழுதிக் கொடுத்தார். கம்பெனி ஆள் சாவியைக் கொடுக்க வந்த அன்று சாரும் நானும் இருந்தோம். அந்த அம்மா சாவியை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். பூட்டைத் திறக்கவில்லை.

உள்ளே போய்ப் பார்க்கலாமே என்றேன்.

"பாத்து என்ன பண்றது கண்ணு? வாசல் தெளிக்கச் சாணிக்கே பக்கத்தூட்டுக்குப் போறேன்."

எண்ணி முடித்த அன்று வேலிக்கு வெளியே விட்டுப்போயிருந்த குச்சிகளை எடுத்து, நூலைச் சுற்றிப் பைக்குள் வைத்தேன். பஸ் வருகிறது என்று சார் கூப்பிட்டார்.