அம்மனுக்கு நேர்ந்துகொள்ளாத வேண்டுதல்

திருவள்ளூர் பக்கத்தில் மணவாள நகரைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். சொந்த நஞ்சை, இரண்டு போகம், கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நெல் மூட்டைகள். எலிகூட வயிறாரச் சாப்பிட்ட வீடு. அந்த வீட்டில் எனக்கு மட்டும் ஒரு வருஷத்துக்கு மேல் சோறு போடவில்லை. அது வைத்தியம். ஆனால் ஊரில் அப்படிச் சொல்ல முடியாது.

எனக்கு வலிப்பு. இதை எழுத இப்போதும் கை தயங்குகிறது. எழுபதுகளின் கடைசி அது. அந்த வார்த்தையை வீட்டுக்குள்ளேயே யாரும் சொல்லமாட்டார்கள். அம்மா 'அது' என்பாள். 'அது' வந்ததா, வந்து எத்தனை நாளாயிற்று என்பாள். அப்பா அதையும் சொல்லமாட்டார். என் முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். நான் மட்டும் காரணம் இல்லை. எனக்கு மேல் ஓர் அக்கா, கல்யாண வயதில். தங்கைக்கு வலிப்பு என்று தெரிந்தால் அக்காவை யார் கட்டுவார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் அதே கவலையோடுதான் எல்லோரும் எழுந்தார்கள், படுத்தார்கள்.

முதலில் மாத்திரைதான். திருவள்ளூர் டாக்டர் கொடுத்தது என்னைத் தூங்க வைத்தது. வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்குவேன். வாத்தியார் சாக்பீஸ் துண்டை எறிந்து எழுப்புவார். பிறகு ரயிலேறி மெட்ராஸ் போய் ஒரு பெரிய டாக்டரைப் பார்த்தோம். அவர் மாற்றிக் கொடுத்த மாத்திரையில் தூக்கம் குறைந்தது, வலிப்பும் பாதி குறைந்தது. பதிலுக்கு ஈறு வளர்ந்தது. மெதுவாக இறங்கி வந்து முன்பற்களைப் பாதி மூடிவிட்டது. பல் தேய்த்தால் ரத்தம் வரும். கூடவே கையிலும் மேலுதட்டிலும் முடி. மஞ்சள் சரியாகப் பூசாததால்தான் இப்படி என்று அம்மா தானே முடிவு செய்துகொண்டு, கஸ்தூரி மஞ்சளை இழைத்து முகம் எரிய எரியத் தேய்த்தாள். மாத்திரையால் வந்தது மஞ்சளுக்குப் போகுமா? பள்ளிக்கூடத்தில் 'மீசைக்காரி' என்று பெயர் வைத்தார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகினேன். ஈறு எப்போதோ சரியாகிவிட்டது. இன்றும் சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகிறது. பார்க்கிறவர்கள் அடக்கமான பொம்பளை என்று நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

ஈறைப் பார்த்த பெரிய டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிட்டு வேறு ஒரு வழி சொன்னார். சோறு, இட்லி, கஞ்சி, சர்க்கரை, பழம், எதுவும் கூடாது. வெண்ணெய், தேங்காய் எண்ணெய், முட்டை, பாலாடை, கொஞ்சம் கீரை. உடம்பு கொழுப்பை எரித்துப் பிழைத்தால் வலிப்பு அடங்கும் என்றார். அம்மாவுக்குப் பாதி புரிந்தது. ஒரு பிடி சோறுகூட உள்ளே போகக் கூடாது என்பது மட்டும் முழுதாகப் புரிந்தது. வெளியே வந்ததும், பிள்ளைக்குச் சோறு போடாதே என்று சொல்லவா இந்த ஆள் இவ்வளவு படித்தான் என்று அப்பாவிடம் கேட்டாள்.

அக்காதான் எனக்குச் சமையல்காரி. காலையில் பாலாடையில் தேங்காய் எண்ணெயை ஊற்றி அடித்து ஒரு டம்ளர் கொண்டுவருவாள். குமட்டும். நான் ஒருமுறை பாதியை வாழை மரத்தடியில் ஊற்றியதைப் பார்த்துவிட்டாள். அதிலிருந்து நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்று, டம்ளரை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

வலிப்பு நின்றது, உண்மை. மற்றதெல்லாம் கெட்டது. வெளிக்குப் போவது பெரும்பாடானது. விளக்கெண்ணெய் கொடுத்து, அதற்கும் அசையாவிட்டால் அம்மா சோப்புத் துண்டைச் சீவிக்கொண்டு வருவாள். அந்த வெட்கத்தை இதற்கு மேல் எழுதமாட்டேன். வாயில் அழுகிய பழம் மாதிரி ஒரு வாடை. பக்கத்தில் உட்காரும் பெண் முதல் வாரம் மூக்கைச் சுளித்தாள், அடுத்த வாரம் இடம் மாறினாள். மற்றவர்கள் பாவாடைக்கு மடிப்பைப் பிரித்து இறக்கிக் கட்ட, என்னுடையது எடுத்த அளவிலேயே சரியாக இருந்தது. நான் வளரவே இல்லை.

சோறு போடாததை எத்தனை நாள் மறைக்க முடியும்? பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்க ஆரம்பித்தார்கள். நெல்லு மூட்டையை வைத்துக்கொண்டு பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுகிறாளே என்று கிணற்றடியில் பேச்சு. அம்மாவுக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் தண்ணீர் சேந்தும்போது, அது அம்மனுக்கு வேண்டுதல் என்று சொல்லிவிட்டாள். அரிசிச் சோறு தொடுவதில்லை என்று பிள்ளை நேர்ந்துகொண்டிருக்கிறாள் என்றாள். முட்டை மட்டும் தின்னலாமா என்று ஒருத்தி கேட்க, அம்மன் சோற்றை மட்டும்தான் கேட்டாள் என்றாள். எதுவரைக்கும் என்று இன்னொருத்தி கேட்டாள். ஆடித் திருவிழா வரைக்கும் என்று அம்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அப்போது புரட்டாசி. ஆடி எங்கோ இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஊரில் மரியாதை வந்துவிட்டது. மீசைக்காரி என்று சிரித்தவர்களின் அம்மாக்களே என்னைக் கூப்பிட்டுத் தங்கள் கைக்குழந்தைகளுக்குக் குங்குமம் வைக்கச் சொன்னார்கள். நான் வைப்பேன். கை நடுங்கும். அவர்கள் அதையும் அருள் என்று எடுத்துக்கொண்டார்கள். கேலி செய்தபோதுகூட நான் அவ்வளவு கூசிப்போனதில்லை.

ஒரே ஒரு முறை பத்தியம் தவறினேன். சரஸ்வதி பூஜைக்குப் பள்ளிக்கூடத்தில் பொரி கொடுத்தார்கள். சாமி பொரி, அரிசி பொரிந்ததுதானே, அரிசி இல்லையே என்று ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டேன். மறுநாள் மாட்டுக் கொட்டகையில் விழுந்து கிடந்தேன். நல்லவேளையாக மாடுகள் தவிர யாரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து டாக்டர் சொன்னதில் அம்மாவுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் போய்விட்டது.

சித்திரையில் அக்காவுக்கு இடம் அமைந்தது. மாப்பிள்ளைக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி வேலை. அமைதியான ஆள். அக்காவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவள் சொல்லவில்லை, ஆனால் எண்ணெய் அடிக்கும்போது பாட்டுப் பாடினாள். ஆவணியில் கல்யாணம் என்று தட்டு மாற்றினார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஆந்திர எல்லைப் பக்கத்து ஆள், பெரிய குரல், நல்ல மனசு. என் வேண்டுதலைக் கேள்விப்பட்டு என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். ஆடிக் கூழுக்கு நானே வந்து விரதத்தை முடித்து வைக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். அம்மா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

திருவிழா அன்று எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் படுக்க வைப்பதாக ஏற்பாடு. நான் போர்த்திக்கொண்டு கிடந்தேன். கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம். சம்பந்தியம்மா நேராக உள்ளே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காச்சலும் இல்ல ஒன்னும் இல்ல. அம்மன் கூப்புடுறா, எய்ந்துரு. நீ குடிச்சிதான் ஊரே குடிக்கணும்" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

கோயில் வாசலில் பெரிய அண்டாவில் கூழ். கேழ்வரகும் நொய்யும் போட்டுக் காய்ச்சி, மோர் ஊற்றிக் கரைத்து, மேலே சின்ன வெங்காயம். பக்கத்தில் முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. சொம்பும் குண்டானுமாக ஊரே நின்றது. பூசாரி என்னை முன்னால் கூப்பிட்டு மாலை போட்டார். வேண்டுதல் முடிக்கிறவர் முதலில் குடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றுவார்கள். எல்லாக் கண்ணும் என் மேல். சம்பந்தியம்மா சொம்பில் மொண்டு என் வாய்க்கருகே நீட்டினாள்.

அந்த வாசனை. ஒரு வருஷமாக எண்ணெய் குடித்த எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. டாக்டர், மாட்டுக் கொட்டகை, எல்லாம். பொத்தி வைத்தே பழகிய வாயை ஊர் முன்னால் நன்றாகத் திறந்தேன். ஈறு தெரியுமே என்றுகூடத் தோன்றவில்லை.

சொம்புக்கும் என் வாய்க்கும் நடுவில் அம்மாவின் கை வந்தது.

"வாணாங்க. அவ குடிக்கக் கூடாது. வேண்டுதல்லாம் ஒன்னும் இல்லீங்க. கொயந்தைக்கு வலிப்பு. இது உள்ள போனா இஸ்துக்கும்."

பெரிய குரலில் சொல்லவில்லை. மேளம் நின்றிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. சம்பந்தியம்மா சொம்பில் இருந்ததை அண்டாவிலேயே ஊற்றினாள். "மின்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கொஞ்சம் நம்பிக்கையாவது இருந்திருக்கும். என் கழுத்தில் மாலை அப்படியே கிடந்தது. அதை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வாரமே தரகர் வந்து ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்றார். தட்டு திரும்பி வந்தது. அக்காவுக்குப் பிறகு செவ்வாப்பேட்டையில் ஓர் இடம் அமைய மூன்று வருஷமாயிற்று. நான் அதையெல்லாம் அப்போது யோசிக்கவே இல்லை. திருவிழா முடிந்த நாளிலிருந்து நான் அம்மாவோடு பேசவில்லை. என் மானத்தை வாங்கிவிட்டாள் என்று கோபம். குங்குமம் வைத்துக்கொண்ட பெண்கள் இனி என்னைப் பார்த்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார்கள் என்று அழுகை. தரகர் வந்துபோன மறுநாள் காலையிலும் அடுப்படியில் உட்கார்ந்து அதற்காகத்தான் அழுதுகொண்டிருந்தேன்.

அக்கா டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள். நான் வாங்கவில்லை. இனிமேல் எப்படிப் பள்ளிக்கூடம் போவேன், எல்லாருக்கும் தெரிந்துவிட்டதே என்று அவளிடமே சொல்லி அழுதேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தன் முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"அய்வாத குடி. பொரை ஏறும்" என்றாள்.

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் வீங்கித் திறக்க முடியாமல் இருந்தன. அந்தக் கண்ணோடுதான் விடியலில் எழுந்து எனக்குப் பாலாடை அடித்திருக்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஈறுக்கும் மீசைக்கும் வாய் நாற்றத்துக்கும் கூசியதெல்லாம் அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஒரே மூச்சில் குடித்தேன். அவள் டம்ளரை வாங்கி, வழக்கம்போலக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கழுவப் போனாள்.