பாலில் கலந்த இரும்பு

இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை ஏன் உப்பைத் தேடினாள்? அவளுடைய உடம்பு கேட்டதா, நான் வாசித்துக் காட்டிய புத்தகம் சொல்லிக் கொடுத்ததா? மாதங்கள் போய்விட்டன. எனக்கு இன்னும் தெரியாது.

மகளுக்கு மூன்றரை வயதில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் இரும்பு குறைவு என்று வந்தது. டொக்டர் சொட்டு மருந்து எழுதித் தந்தார். ஒரு துளியை நானே சுவைத்துப் பார்த்தேன். துருப்பிடித்த ஆணி போல இருந்தது. அவள் துப்பினாள்.

நான் வேலைக்குப் போகும் நாட்களில் அவளைப் பார்ப்பவர் கணவரின் அக்கா. என் மச்சாள்.

"பாலுக்குள்ளை விட்டுக் குடும். மருந்தெண்டே தெரியாது," என்றார்.

அப்படியே செய்தேன். ஒரு நாளும் தவறவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய கலண்டரில் மூன்று மாதம் சரி அடையாளம் போட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பனிக்காலத்தில் நூலகத்திலிருந்து காட்டுப் பனிமான்கள் பற்றிய ஒரு புத்தகம் எடுத்து வந்தோம். நாங்கள் குடியேறிய இந்த நாட்டின் இருபத்தைந்து சத நாணயத்தில் இருக்கிறதே, அதே மான். ஒரு படத்தில் மலைப்பாதையில் இறங்கி, பனி உருகத் தெருவில் தூவிய உப்பை நக்கிக்கொண்டு நின்றது. உடம்புக்கு வேண்டிய கனியுப்புகளை, கனிமச் சத்துகளைத் தேடி அவை விழுந்த கொம்புகளைக்கூடக் கடிக்கும் என்று வாசித்துச் சொன்னேன்.

அடுத்த கிழமை, நாங்கள் இருக்கும் வோபர்னில் எங்கள் கட்டடத்தின் கார் தரிப்பிடம். நான் டிக்கியிலிருந்து மரக்கறிப் பைகளை எடுத்துத் திரும்புகிறேன், இவள் கார்க் கதவில் வெள்ளையாய்க் காய்ந்திருந்த தெரு உப்பை நக்கிக்கொண்டிருக்கிறாள்.

"துப்பு! துப்பு பிள்ளை!"

"அம்மா, ஐ ஆம் எ றெயின்டியர்!"

"உது ஊத்தை! இதுக்கு முந்தியும் நக்கினனியோ?"

"ஓம். நேற்று."

அவளுக்குப் போன கிழமையும் நேற்றுத்தான், போன வருடப் பிறந்தநாளும் நேற்றுத்தான். அந்த நேற்று புத்தகத்துக்கு முந்தியதா பிந்தியதா என்று எத்தனை விதமாய்க் கேட்டும் பிடிக்க முடியவில்லை.

பயந்துபோய் டொக்டரிடம் கொண்டு ஓடினேன். திரும்பவும் இரத்தம் எடுத்தார்கள். இரும்பு ஏறியதாகவே இல்லை.

"மருந்தை எதோடை குடுக்கிறனீங்கள்?"

"பாலோடை."

"ஒரு நாளைக்கு எவ்வளவு பால்?"

"அஞ்சு கப். சில நாள் ஆறு."

அவர் பேனையைக் கீழே வைத்தார். பால் இரும்பை உடம்பில் சேர விடாது என்றார். அவ்வளவு பால் குடித்தால் சோற்றுக்கும் இறைச்சிக்கும் வயிற்றில் இடம் ஏது என்றும் கேட்டார். என் சரி அடையாளங்களை நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் புத்தகத்தைத் திரும்பவும் எடுத்தேன். பனிக்காலம் முழுக்க மான்கள் பனியைக் கிளறி, பாசி போன்ற ஒன்றை மேய்கின்றன. அதில் உடம்புக்குத் தெம்பு கிடைக்கும், கனியுப்பு மிகக் குறைவு. அதனால்தான் உப்பைத் தேடி அலைகின்றன. அந்தப் பக்கத்தை என் வாயாலேயே வாசித்திருக்கிறேன். பாலால் வயிறு நிறைந்தும் இரும்பு சேராத என் அடுப்படியிலும் அதுவே நடக்கிறது என்று அப்போது தோன்றவில்லை. ஆனாலும் தெரு உப்பில் இரும்பு இல்லையே. அங்கே வந்து என் கணக்கு நின்றுவிடுகிறது.

இப்போது டொக்டர் சொன்னபடி மருந்தைத் தோடம்பழச் சாற்றோடு, அந்த ஒரேஞ்ச் ஜூஸோடு கொடுக்கிறேன். பால் இரண்டு கப். அது நான் வீட்டில் நிற்கும் நாட்களில் மட்டும்.

மச்சாளிடம் சொன்னேன். "பால் குடிச்சு ஆருக்கு வருத்தம் வந்தது? நீர் படிச்சுப் படிச்சுப் பயப்பிடுறீர்," என்று சிரித்தார். பிறகு இரண்டு நாள் என்னோடு அதிகம் பேசவில்லை. மாலையில் பிள்ளையைக் கூட்டிவரப் போனால் மேலுதட்டில் பாலின் வெள்ளைக் கோடு இருக்கிறது. பிள்ளை சிரிக்கிறாள், மச்சாளும் சிரிக்கிறார், நான் துடைத்துவிட்டு நன்றி சொல்லிக்கொண்டு வருகிறேன்.

அடுத்த இரத்தப் பரிசோதனைக்கு இன்னும் ஆறு கிழமை. இதே நிலையில் நின்ற தாய்மார் இருந்தால் எழுதுங்கள். கைம்மாறு எதுவும் எதிர்பாராமல் உங்கள் பிள்ளையைப் பார்ப்பவரிடம், அவர் மனம் நோகாமல், பாலைக் குறையுங்கோ என்று எப்படிச் சொன்னீர்கள்?