சேதுபதியின் மைக் சோதனை

மலாக்காவின் காஜா பேராங்கில் சேதுபதியின் கருத்தைக் கேட்காதவர் யாரும் இருந்ததில்லை. கேட்க விரும்பாதவர்களும் கேட்டார்கள். அவருடைய கருத்துகள் மூன்று குழாய் ஒலிபெருக்கிகள் வழியாக வந்ததே காரணம். அந்த மூன்றில் ஒன்று எப்போதும் அடுத்த வட்டாரமான தெங்கேராப் பக்கம் திரும்பியிருக்கும். தெங்கேராவில் அவருக்குப் போட்டியாக இன்னொரு ரேடியோக் கடை இருந்தது.

சேதுபதி தோட்டத்துப் பிள்ளை. தோட்டத்து மின்சாரக் கொட்டகையில் எண்ணெய் போடும் வேலையில் சேர்ந்து, பிரிட்டிஷ் ராணுவம் ஏலத்தில் விட்ட ஒலியைப் பெருக்கும் ஒரு பழைய பெருக்கிப் பெட்டியைப் பிரித்து மாட்டித் தொழில் கற்றவர். 1954இல் காஜா பேராங் சாலையில் கடை போட்டார். ரேடியோ பழுது பார்ப்பார். கல்யாணம், திருவிழா, பொதுக்கூட்டம் எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி கட்டுவார். பெயர்ப்பலகையில் ‘சேதுபதி ஒலி நிலையம்’ என்று எழுதியிருந்தது. ‘ஓயா நிலையம்’ என்று ஊரில் சொல்வார்கள். அது அவருக்கும் தெரியும்.

அவருடைய வேலைமுறை தனி. கம்பி இழுத்து முடித்ததும் எங்காவது இணைப்பு விட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு மற்றவர்கள் மைக்கைத் தட்டி, “ஒன், டூ, த்ரீ” என்பார்கள். சேதுபதி மைக்கின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசத் தொடங்குவார். அவர் மனைவி பூங்காவனம் கையில் குடையுடன் கம்பி போகும் வழியெல்லாம் நடந்து, குடையின் வளைந்த பிடியால் ஒவ்வோர் இணைப்பாக இழுத்து அசைத்துப் பார்ப்பார். எந்த இடத்தை அசைக்கும்போது கணவரின் குரல் அறுகிறதோ அங்கேதான் பழுது.

எதற்கு இவ்வளவு பேச்சு, எண்ணினால் போதாதா என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“எண்ணும்போது ஒன்னுக்கும் ரெண்டுக்கும் நடுவுல ஒரு சும்மா இருக்கு சார்,” என்றார். “அது என் சும்மாவா, கம்பியோட சும்மாவான்னு இவளுக்கு எப்படித் தெரியும்? நிறுத்தாமப் பேசணும். நிறுத்தாமப் பேசணும்னா உள்ளுக்குள்ள கருத்து இருக்கணும்.”

கருத்துக்கு அவரிடம் பஞ்சமே இல்லை. ஒரு கல்யாணத்துக்கு முந்தைய மாலை, மணமகளின் பெயரைக்கூட இன்னும் யாரும் அறிவிக்காத நேரத்தில், ஊர் முழுக்க இது கேட்டது:

“டெலிபோன டாக்டர் வீட்டுக்குக் குடுக்கறாங்க. தப்பு. கோப்பிக்கடைக்குக் குடுக்கணும். டாக்டரத் தேடறவன் முதல்ல கோப்பிக்கடைக்குத்தான் ஓடறான். டாக்டரும் அங்கதான் இருக்காரு.”

டாக்டர் அப்போது கோப்பிக்கடையில்தான் இருந்தார். அவர் சிரித்துவிட்டு இன்னொரு கோப்பி சொன்னார்.

இன்னொரு நாள் வியாபாரத்தைப் பற்றி: “எதிர்க்கடை இல்லாம கடை வைக்கக் கூடாது. கூட்டம் இல்லாத நாள்ல யார நெனச்சுக் கோவப்படறது? தெங்கேராக்காரருக்கு நான் நன்றி சொல்லிக்கறேன்.” நன்றி தெங்கேராவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதைக் காற்றுதான் முடிவு செய்தது.

மீன் விற்பவர் சைக்கிளை நிறுத்திக் கேட்டுவிட்டுப் போவார். பெண்கள் சன்னலைத் திறந்து வைப்பார்கள். பிடிக்காத கருத்து வந்தால் சாத்துவார்கள். சாத்தின சத்தத்தை வைத்து எந்தக் கருத்து எடுபடவில்லை என்று பூங்காவனம் வீட்டில் சொல்வார்.

சங்கடம் வந்தது பேருந்து நிறுத்தத்தால். “நிறுத்தத்த வெயில்ல வெச்சுட்டு, அதப்பத்தின கூட்டத்த விசிறிக்கு அடியில நடத்தறாங்க. கூட்டத்த நிறுத்தத்துல நடத்தச் சொல்லுங்க. அடுத்த வாரம் கூரை வரும்.” இதைச் சொன்னபோது அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த மாணிக்கவாசகம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஓய்வுபெற்ற தலைமைக் கிராணி, அதாவது தலைமை எழுத்தர். எங்கள் வட்டாரத்தில் எந்தக் குழு அமைந்தாலும் அதற்குத் தலைவர் அவரே. அதன்பின் நடந்த மூன்று விழாக்களுக்கும் ஒலிபெருக்கி தெங்கேராவிலிருந்து வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பூங்காவனத்தின் அண்ணன் கலியாணசுந்தரம் புக்கிட் ரம்பாயிலிருந்து ஒரு செய்தியோடு வந்தார். அவர் அங்கே ஒரு ரப்பர் ஆலையில் மெக்கானிக்.

“மச்சான், எங்க ஆலையில ஒரு எடம் காலியா இருக்கு. மாசச் சம்பளம். வீடு சும்மாவே குடுக்கறாங்க.”

“அங்க சத்தம் எப்படி?” என்று கேட்டார் சேதுபதி.

“சத்தமா? பக்கத்துல நிக்கறவன் கத்தினாலும் கேக்காது. எல்லாம் கைஜாடைதான்.”

சேதுபதியின் முகம் வெளுத்துப் போனது. “கைஜாடையிலயா? எட்டு மணி நேரமுமா?”

“ஓவர்டைம் இருந்தா பத்து.”

பூங்காவனம் அண்ணனுக்குத்தான் பரிந்து பேசினார். கடையில் நான்கு மாதமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கணவனும் மனைவியும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். 1957 ஆகஸ்ட் 31 காலை, கோலாலம்பூரில் நடக்கும் மலாயாவின் விடுதலைப் பிரகடனத்தை எங்கள் திடலில் வானொலி வழியாக எல்லோருக்கும் கேட்கச் செய்வது என்று மாணிக்கவாசகத்தின் விழாக்குழு தீர்மானித்திருந்தது. அந்த வேலை கிடைத்து, குறையில்லாமல் நடந்தால் கடை. குழாய் பாதியில் வாயை மூடினால் புக்கிட் ரம்பாய்.

சேதுபதி குழுவின் முன்னால் வந்து நின்றார். செயலாளர் என்ற முறையில் நானும் அங்கே இருந்தேன்.

“சுதந்திரத் தேதிய அறிவிச்சது எங்க? நம்ம மலாக்காவுல, பண்டா ஹிலிர் திடல்ல,” என்றார். “சொன்னது நம்ம ஊருலன்னா, கேக்கறதும் நம்ம ஊருக் குழாயிலதானே கேக்கணும். தெங்கேராவும் நம்ம ஊருதான். ஆனா அவரு குழாய் மூக்கால பேசுது.”

மாணிக்கவாசகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வேலைய உங்களுக்கே தர்றேன் சேதுபதி. ஒரு நிபந்தனை. மைக்குல ஒன், டூ, த்ரீ. அதுக்கு மேல ஒரு வார்த்தை கூடாது.”

“ஃபோர்?”

“ஃபோர் சொல்லலாம். கருத்து சொல்லக் கூடாது. சொன்னா அந்த நிமிஷமே தெங்கேராவுக்கு ஆள் அனுப்புவேன்.”

“சரிங்க தலைவரே,” என்றார் சேதுபதி. அவர் சொன்னதிலேயே மிகச் சிறிய பேச்சு அது.

முப்பத்தொன்றாம் தேதி காலையில் மழை. முந்தின இரவே பிடித்துக்கொண்டது என்று சிலர் இப்போது சொல்கிறார்கள். இல்லை, எங்கள் திடலில் விடிந்த பிறகுதான் தூறல் தொடங்கியது. கோலாலம்பூரிலும் மழை, விழா ஒரு மணி நேரம் தள்ளிப்போகிறது என்று வானொலியில் சொன்னார்கள். திடலில் தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று ஏறக்குறைய வட்டாரமே திரண்டு குடையும் வாழையிலையுமாக நின்றது. திடலோரக் கோப்பிக்கடை மேசையில் ரேடியோவும் பெருக்கிப் பெட்டியும் இருந்தன. அங்கிருந்து ஒரே கம்பி கம்பங்கள் வழியாகத் திடலைக் கடந்து மூன்று குழாய்களுக்கும் போனது. குடும்பத்தோடு வந்திருந்த கலியாணசுந்தரம் முதல் வரிசையில் நின்றார்.

தள்ளிப்போன நேரத்தில் பாதி கழிந்திருக்கும். மூன்று குழாய்களும் ஒருசேர அடங்கின. பின் கரகரத்தன. மறுபடி அடங்கின.

கூட்டம் ஒரே ஆளைப் போலக் கோப்பிக்கடைப் பக்கம் திரும்பியது. வானொலி அறிவிப்பாளரும் மழைக்காக விட்டுவிட்டுத்தான் பேசிக்கொண்டிருந்தார். அதனால் அவர் குரலை வைத்துப் பழுதைத் தேட வழியில்லை. சேதுபதி மைக்கை எடுத்தார். பூங்காவனம் குடையோடு திடலில் இறங்கினார்.

“ஒன்,” என்றார் சேதுபதி. “டூ. த்ரீ. ஃபோர்.”

பூங்காவனம் முதல் கம்பத்தை அசைத்தார், இரண்டாவதை அசைத்தார். சத்தம் வந்தது, நின்றது, வந்தது. அவர் அங்கிருந்தபடியே கத்தினார்: “ஏங்க, இப்ப நின்னது நீங்களா, கம்பியா?”

“நான்தான்.”

“இப்ப?”

பதில் இல்லை. அது கம்பி; ஆனால் எந்த இடத்துக் கம்பி என்று தெரிவதற்குள் சத்தம் திரும்பிவிட்டது.

நான் ரேடியோவோடு காதை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். விருந்தினர் அரங்கத்துக்கு வரத் தொடங்கிவிட்டார்கள் என்று அறிவிப்பாளர் சொன்னார். அதை மாணிக்கவாசகத்திடம் சொன்னேன். அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. தெங்கேராவுக்கு ஆள் போய்வர நேரமில்லை என்பது அவருக்கும் தெரியும்.

“சேதுபதி,” என்றார்.

“ஃபைவ்,” என்றார் சேதுபதி.

“யோவ், பேசித் தொலைங்க. என்ன வேணாலும் பேசுங்க.”

எனக்குத் தெரிந்து சேதுபதிக்குப் பேச அனுமதி கிடைத்தது அதுதான் முதல் தடவை. மைக்கைப் பிடித்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. திடல் முழுக்க அவரைப் பார்த்தது. “இந்த... வந்து...” என்றார். “மழை... மழைன்னா...” அவ்வளவுதான். யாராவது தடுத்தால் பொங்கி வரும் மனிதருக்கு, பேசு என்றதும் ஒரு கருத்தும் அகப்படவில்லை. கலியாணசுந்தரம் மெதுவாகக் கையால் ஜாடை காட்டினார்: பரவாயில்லை மச்சான், ஆலைக்கு வந்துவிடலாம்.

பூங்காவனம் மூன்றாவது கம்பத்தடியில் நின்றபடி திரும்பினார். அவர் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

“தெங்கேராக்காரரு சொல்றதுதான் சரி. இனிமே சட்டைப்பை ரேடியோதானாம். பெட்டி ரேடியோவ வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறவன் மடையனாம்.”

சேதுபதி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“யாரு மடையன்? சட்டைப்பையில ரேடியோவாம். சட்டைய வெளுக்கப் போட்டா செய்திய டோபியா கேப்பான்? பெட்டி சின்னதானா குரலும் சின்னதாயிடும், அப்புறம் ஆளாளுக்கு ஒரு ரேடியோவ வெச்சுக்கிட்டுத் தனித்தனியாக் கேப்பான், பக்கத்து வீட்டுக்காரன்கூட சண்டை போட ஒரு செய்திகூட மிஞ்சாது, அடுத்தது படம் தெரியற ரேடியோ வருதாம், வரட்டும், கண்ணு வேலை செஞ்சா காது லீவு போட்டுடும், அப்புறம் நாட்டுல யாரும் யாரு பேச்சையும் கேக்கமாட்டான், சுதந்திரம் வந்ததும் முதல் வேலையா என்ன பண்ணணும் தெரியுமா, கோப்பிக்கடைக்கு ஒரு டெலிபோன், லொங்காங்குச் சாக்கடைக்கு ஒரு மூடி, அப்புறம் அந்தப் பஸ் நிறுத்தத்துக்கு ஒரு கூரை, தலைவர் இதோ நனைஞ்சுக்கிட்டுப் பக்கத்துலயேதான் நிக்கறாரு, இப்பக் கேட்டா இல்லன்னு சொல்லமாட்டாரு—”

திடல் சிரித்தது. மாணிக்கவாசகம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். சரியாக அந்த இடத்தில் குரல் அறுந்தது. அறுந்தவுடன், அதுவரை கம்பியை அசைத்துக்கொண்டே நகர்ந்திருந்த பூங்காவனம் குடையை உயர்த்தினார். நான்காவது கம்பம்.

பழுதும் தெரிந்தது. முந்தின நாள் விழாக்குழு காகிதக் கொடிகளைத் தோரணமாகக் கட்டியிருந்தது. தனிக்கயிறு எதற்கு, ஏற்கெனவே ஒன்று ஓடுகிறதே என்று தலைவர் சொன்னதால், எல்லாக் கொடிகளையும் ஒலிபெருக்கிக் கம்பியிலேயே தொங்கவிட்டிருந்தார்கள். மழையில் ஊறிய காகிதம் கனத்து, கம்பியை இழுத்து, இணைப்பை வாய்பிளக்க வைத்துவிட்டது.

நான் கையைத் தூக்கினேன். விழா தொடங்கிவிட்டது. இணைப்பைப் பற்றவைக்க நேரமில்லை. பூங்காவனம் குடையை மடக்கித் தலைகீழாகப் பிடித்து, பிடியின் வளைவால் கம்பியைத் தாங்கி, கொடிகளோடு சேர்த்து மேலே தூக்கினார். வானொலி தெளிவாக வந்தது. சற்றே இறக்கிப் பார்த்தார், நின்றது. மறுபடி தூக்கினார். தூக்கியபடியே நின்றுவிட்டார். மழை அவர் தலையில் பெய்தது. தலைகீழாக நின்ற குடையின் மடிப்புகளில் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது.

பிரகடனம் வாசிக்கப்பட்டது. கலியாணசுந்தரம் தங்கையின் பக்கத்தில் போய் நின்றார்.

“கை வலிக்கும் புள்ள. நான் புடிக்கறேன், குடு.”

“கை மாத்தறப்ப அறுந்துடும்ணே.”

“அறுந்தா என்ன? நீதானே அவர ஆலைக்கு அனுப்பணும்னு ஒத்தக்கால்ல நின்னே. இறக்கிடு, காரியம் முடிஞ்சுது.”

பூங்காவனம் கோப்பிக்கடைப் பக்கம் பார்த்தார். சேதுபதி மைக்கை மூடி வைத்துவிட்டு, வாயையும் மூடிக்கொண்டு, கண்கொட்டாமல் அந்தக் குடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க ஆலையில அவரு பேச்ச யாருண்ணே கேப்பா?” என்றார்.

அப்போது “மெர்டேக்கா” என்ற விடுதலை முழக்கம் தொடங்கியது. ஏழு முறை. ஒவ்வொரு முறையும் திடலில் எல்லாக் கைகளும் உயர்ந்து இறங்கின. மாணிக்கவாசகத்தின் கையும் உயர்ந்தது, கலியாணசுந்தரத்தின் கையும் உயர்ந்தது. பூங்காவனத்தின் கை மட்டும் இறங்கவேயில்லை. ஏழாவது முழக்கம் முடிந்து கூட்டம் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தபோதுதான் அவர் குடையை இறக்கினார். அதில் தேங்கியிருந்த தண்ணீர் முழுவதும் அண்ணன்மேல் கொட்டியது. மூன்று குழாய்களும் அடங்கின. யாரும் கவனிக்கவில்லை.

சேதுபதி ஆலைக்குப் போகவில்லை. கடை இன்னும் பல ஆண்டுகள் நடந்தது. அதில் பின்னாளில் சட்டைப்பை ரேடியோவும் விற்றார், வாங்குபவரிடம் வேண்டாமென்று சொல்லிச் சொல்லியே. பேருந்து நிறுத்தத்துக்கு அடுத்த ஆண்டு கூரை வந்தது. அது கருத்தால் வந்ததா, அன்று நனைந்ததால் வந்ததா என்று மாணிக்கவாசகம் கடைசிவரை சொல்லவில்லை.

ஆனால் 1958 விழாவின் நிகழ்ச்சி நிரலை நான் எழுதிக்கொள்ள வரிவரியாகச் சொன்னவர் அவர்தான். முதல் நிகழ்ச்சி, காலை எட்டு மணி: மைக் சோதனை, திரு. சேதுபதி. தலைவர் உரை ஒன்பது மணிக்கு. எட்டு மணிக்கே திடல் நிறைந்துவிட்டது.