வண்டி இழுக்காததற்குக் காரணம் நான் இல்லை

மூன்று வாரமாக எங்கள் பைக் சத்தம்தான் போட்டதே தவிர நகரவில்லை. மேட்டில் ஏறும்போது சைக்கிள்காரர்கூட எங்களை முந்திப் போனார்.

"நான் ஒத்தையாப் போனா நல்லாத்தான் போகுது. நீ ஏறுனாத்தான் இழுக்க மாட்டேங்குது" என்றார் வீட்டுக்காரர்.

அன்றிலிருந்து ராத்திரிக்கு எனக்கு இரண்டே இட்லி.

இன்று காலை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில், ஒரு பாலத்து ஏற்றத்தில் என்னை இறக்கிவிட்டு நடக்கச் சொன்னார். நடந்தேன். ஊருக்குள் நுழைந்ததும், "மொதல்ல ஒர்க்‌ஷாப்புக்கு விடுங்க" என்றேன்.

மெக்கானிக் கிளட்ச் லிவரைப் பிடித்துப் பார்த்தார்.

"கேபிள்ல கொஞ்சங்கூட லூஸ் இல்லக்கா. எந்நேரமும் பாதிக் கிளட்ச் பிடிச்ச மாதிரியே ஓடியிருக்கு, பொறவு எப்படி இழுக்கும்? யாரு இம்புட்டு டைட் வச்சது?"

வீட்டுக்காரர் எதிர் டீக்கடையின் போர்டை வாசித்துக்கொண்டிருந்தார். மூன்று வாரத்துக்கு முன் வீடியோ பார்த்து ஸ்பேனர் பிடித்தவர் அவர்தான்.

மெக்கானிக் நட்டைத் திருகி, லிவரில் கொஞ்சம் ஆட்டம் விட்டார். "நல்லவேளை, கிளட்ச் பிளேட் கருகல, பெரிய செலவு மிச்சம்." எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

திரும்பி வரும்போது அதே பாலத்தில் வண்டி ஜம்மென்று ஏறியது.

"இப்ப நல்லா இழுக்குதுல்ல?" என்றார், முகத்தைத் திருப்பாமல்.

"பாத்துப் போங்க, பின்னாடி வெயிட்டு இருக்கு" என்றேன்.

இப்போது எனக்குப் பரோட்டா வாங்கக் கிளம்பி வாசலில் நிற்கிறார். எத்தனை என்று நீங்களே கமெண்டில் சொல்லுங்கள், அப்படியே அவரிடம் காட்டிவிடுகிறேன்.