மெடிக்கல் லீவில் சேராத நோய்

விழுப்புரத்தில் வருவாய்த் துறை அலுவலகத்தில் பல ஆண்டுகள் விடுப்பு விண்ணப்பங்களைப் பரிசீலித்தவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எங்கள் அலுவலகத்தில் யாரும் உண்மையான நோய்க்கு மெடிக்கல் லீவ் எடுத்ததில்லை. வீடு கட்டுகிறவருக்கு மஞ்சள் காமாலை வரும். மாறுதல் உத்தரவு வாங்கியவருக்கு டைபாய்டு. மகளுக்குக் கல்யாணம் வைத்தவருக்கு முதுகுவலி. எல்லாவற்றுக்கும் மருத்துவச் சான்று இருக்கும்; முத்திரைகூடத் தெளிவாக விழுந்திருக்கும். திண்டிவனத்தில் இந்த வீட்டுக்குத் தளம் போட்டபோது நானும் நாற்பத்தைந்து நாள் காமாலையில் கிடந்ததாக என் பணிப்பதிவேடு சொல்கிறது. அந்த நாற்பத்தைந்து நாளும் நான் சிமென்ட் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

உண்மையிலேயே நெஞ்சு வலித்தபோது எடுத்தது ஒரு நாள் தற்செயல் விடுப்பு. மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று வெளியே தெரிந்தால் என்னென்ன கேள்வி வரும் என்பது எனக்குத் தெரியும். புதுச்சேரி மருத்துவமனை ஒன்றில் மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு ஆஞ்சியோ செய்தார்கள். கூட வந்த சக ஊழியர், தம்பி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். சின்ன அடைப்பு, மாத்திரை போதும் என்றார் டாக்டர். ஜமாபந்தி, கிராமக் கணக்குத் தணிக்கை என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். மணிக்கட்டில் இருந்த கட்டுக்கு அலுவலக ஸ்டேப்ளர் பழி ஏற்றது. பதினோரு ஆண்டுகளாக அந்த மாத்திரையை பிரஷர் மாத்திரை என்றே அவள் எடுத்துத் தந்தாள்.

போன மாதம், ஓய்வூதியர் காப்பீடு மட்டும் போதாது, தனியாகவும் ஒன்று எடுங்கள் என்று சென்னையிலிருந்து மகள் பிடிவாதம் பிடித்தாள். ஏஜென்ட் வந்தார். பகலில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை வியாபாரம், மாலையில் இன்சூரன்ஸ். படிவத்தை மேசைமேல் விரித்தார்.

"எல்லாத்துக்கும் 'இல்ல'ன்னு டிக் அடிச்சிக்கினு போலாம் சார். ஜல்தியா முடிஞ்சிரும். சுகர் கிகர்னு எழுதுனா ஒரே பேஜாரு."

"நாளைக்கு அவங்க கிளெய்மைத் தள்ளிட்டா ஆஸ்பத்திரி பில்லை நீங்க கட்டுவீங்களா?"

"இன்னா சார், மல்லாட்ட விக்கிறவனாண்ட வந்து இப்டி கேக்கறீங்க!"

நான் சொல்லச் சொல்ல எழுதினார். எனக்கு சர்க்கரை, ரத்த அழுத்தம், கண்புரை அறுவை. மனைவிக்கு தைராய்டு, கர்ப்பப்பை எடுத்தது. எதிரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளும் உட்கார்ந்திருந்தாள். அடுத்த கேள்வி: நெஞ்சுவலி, இதய நோய், அதற்கான பரிசோதனை ஏதேனும் உண்டா?

'உண்டு' என்றால் அவளுக்குத் தெரிந்துவிடும். 'இல்லை' என்றால் பொய். இருவருக்கும் ஒரே பாலிசி. என் பொய் ஒருநாள் பிடிபட்டு பாலிசி ரத்தானால் அவளுக்கும் சேர்த்துத்தான் ரத்தாகும். எத்தனையோ பேருடைய விண்ணப்பத்தைத் 'தகவல் முழுமையற்றது' என்று திருப்பி அனுப்பியவன் நான்.

"என்னங்க, வூடு கட்டறப்ப வந்த காமாலைய எழுதலியா?" என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"காமாலையா? சார் சொல்லவே இல்லியே!" ஏஜென்ட் பேனாவைத் தூக்கினார்.

"அது வராத நோய். எழுத வேணாம்" என்றேன். பிறகு, அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிடுவது நல்லதென்று தோன்றியது. "வந்தது ஒண்ணு இருக்கு. பாப்பா கல்யாணத்துக்கு முன்னாடி நெஞ்சு வலிச்சிது. பாண்டியில ஆஞ்சியோ எடுத்தேன்."

சிரிப்பு நின்றது. ஏஜென்ட் அவசரமாகத் தன் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

"ஜமாபந்தின்னு போனீங்களே, அன்னிக்கா?"

"ஆமா."

"ஒத்தையாவா போனீங்க?"

"ஆபீஸ்ல ஒருத்தர் கூட வந்தார்."

"ஆபீஸ்ல ஒருத்தருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்: "ரிப்போர்ட்டு எங்க?"

வீட்டுப் பத்திரங்களுக்கு அடியில், பக்க எண் போட்டுக் கோத்து வைத்திருந்தேன். எடுத்து வந்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை விரல் வைத்துப் படித்தாள். அதை ஏஜென்ட் பக்கம் நகர்த்தினாள்.

"தேதியோட எழுதிக்கோங்க தம்பி. ஒண்ணையும் வுட்ராதீங்க."

அன்று இரவும் மறுநாளும் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. மூன்றாம் நாள் இன்சூரன்ஸ் கம்பெனி டாக்டர் போனில் விசாரித்தார். போனை அவள்தான் வாங்கினாள். என் நெஞ்சைப் பற்றி அவர் கேட்ட அத்தனைக்கும், மாத்திரையின் மில்லிகிராம் உட்பட, பதில் சொன்னாள். ரிப்போர்ட்டை இரண்டு நாளில் மனப்பாடமே செய்துவிட்டிருந்தாள். போனை வைத்த பிறகு, "காபி வேணுமா?" என்றாள். இந்த ஒப்புதல் கிடைத்துவிட்டதால் கம்பெனியின் ஒப்புதலைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இருக்கவில்லை.

அதுவும் வந்தது. பிரீமியம் கொஞ்சம் கூடுதல்; இதயத்துக்கு மூன்று ஆண்டு கழித்துத்தான் பாதுகாப்பு. ஏஜென்ட் தன் தப்புபோல் தலையைச் சொறிந்தார். "மூணு வருஷம்தானே? நான் பாத்துக்கறேன்" என்றாள் அவள். அவரிடம் சொல்வதுபோலத்தான் இருந்தது.

இன்று காலை இடது தோளில் ஒரு பிடிப்பு. நேற்று பரணிலிருந்து பெட்டியை இறக்கியதால் வந்ததுதான், எனக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னேன். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, வியர்த்ததா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "ஒத்தடம் குடுக்கறேன், உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே வெந்நீர் கொதிக்கிறது.